மாத்திரை மருந்து கலந்த கழிவுநீரை ‘அட்வான்ஸ்டு ஆக்ஸிடேஷன்’ முறையில் சுத்தம் செய்து ஊரணியில் விடலாமா?

கேள்வி கேட்டவர் காரைக்குடிக்காரர். சுத்திகரித்த கழிவுநீரை ஊரணியில் விட்டால் அதிலுள்ள மருந்து மிச்சங்களை இந்த முறையில் எடுத்துவிட முடியுமா, வீட்டு ஃபில்டரில் இருக்கும் யூவி விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறதா என்று கேட்டிருக்கிறார். நான் தேவகோட்டைப் பக்கம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முடியும். ஆனால் இது கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை. அதுவும் எந்த இடத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் மருந்து எப்படித் தண்ணீருக்குள் வருகிறது என்று பார்ப்போம். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை உடம்பு சிதைப்பதே இல்லை. இரத்தத்தில் சேர்ந்தது அப்படியே சிறுநீரில் வந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் சாதாரண எஸ்டிபிக்குள் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) எவ்வளவு போகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவும் வெளியே வரும். அங்குள்ள பாக்டீரியாவால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பாராசிட்டமால் அப்படியில்லை, பெரும்பாலும் அங்கேயே சிதைந்துவிடும். ஆகவே எல்லா மருந்தையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது.

ஊர்க் கழிவுநீரில் இவை லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். மருந்து ஆலைக் கழிவு என்றால் கதையே வேறு. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அப்படிப்பட்ட நீரில் பிழைத்துப் பழகும் கிருமிகள் நாளைக்கு எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காது என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

சரி, முறைக்கு வருவோம். இதில் வேலை செய்வது ஹைட்ராக்சில் ராடிக்கல், அதாவது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, எதிர்ப்பட்டதை உடனே தாக்கும் துணுக்கு. குளோரினின் ஆக்சிஜனேற்றத் திறன் சுமார் 1.36 வோல்ட், ஓசோனுடையது 2.07, இதனுடையது 2.8. ஆனால் ஆயுள் மிக மிகக் குறைவு. கேனில் வாங்கி ஊற்ற முடியாது, தண்ணீருக்குள்ளேயே உண்டாக்கியாக வேண்டும். ஓசோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கலாம், பெராக்சைடு போட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சலாம், இரும்பு உப்போடு பெராக்சைடு கலக்கலாம். கடைசியில் சொன்னது 1894-இல் ஃபென்டன் எழுதிய வினை. அதற்கு நீரை pH 3 அளவுக்கு அமிலமாக்க வேண்டும், முடிவில் இரும்புச் சேறு வேறு மிஞ்சும்.

மின்சாரம் பாய்ச்சியும் உண்டாக்கலாம். இதில் நம் ஊருக்குத் தொடர்பு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருப்பது காரைக்குடியில்தானே. டைட்டானியத்தின் மேல் உலோக ஆக்சைடு பூசிய ஆனோடுகளில் (நேர்மின் தகடுகளில்) அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் உப்பு நீரில் மின்சாரம் விட்டால் முதலில் குளோரின்தான் வரும், அது கழிவோடு சேர்ந்து வேறு வேண்டாத பொருள்களை உண்டாக்கும். நம் பக்கத்து உவர் நீருக்கு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். உவர் நீரில் புரோமைடும் இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

இன்னொன்று. ராடிக்கலுக்கு மருந்து எது, மண் எது என்று தெரியாது. பைகார்பனேட், அழுகிய இலைச் சாறு, சோப்பு என்று எதிர்ப்பட்டதோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகும். கலங்கல் நீரில் இதைச் செய்வது, ஆத்தங்குடிக் கல் தரையைக் கூட்டாமலேயே தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பது மாதிரி. அதனால்தான் கடைசிக் கட்டம் என்றேன்.

ஆய்வகத்தில் இதைக் காட்ட மெத்திலீன் ப்ளூ கரைசலை எடுத்துக்கொள்வோம். அதுவும் ஒரு மருந்துதான். கொஞ்சம் இரும்பு உப்பு, சில சொட்டு பெராக்சைடு. பீக்கரில் நீலம் ஓரத்திலிருந்து வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெளிந்துவிடும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அதே நீரில் மொத்தக் கரிமம் எவ்வளவு என்று அளந்தால் பெரும்பகுதி அப்படியே நிற்கும். நிறம் போனதே ஒழிய, மூலக்கூறு துண்டு துண்டாக உள்ளேதான் கிடக்கிறது. சில மருந்துகளின் துண்டு மூலத்தைவிடக் கெடுதலாக இருப்பதும் உண்டு. ஆகவே ஓசோனுக்குப் பிறகு மணல் வடிகட்டியோ கரி வடிகட்டியோ வைத்து, அந்தத் துண்டுகளைப் பாக்டீரியா தின்னும்படி விட வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2014-இல் நொய்குட் நிலையத்தில் ஓசோன் முறையை முழு அளவில் தொடங்கி, 2016-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அங்கேயும் குறிப்பிட்ட சில பொருள்களில் 80 சதவீதம் நீக்கினால் போதும் என்பதுதான் இலக்கு. நூறு சதவீதம் என்று யாராவது மெஷின் விற்க வந்தால் அளவீட்டு அறிக்கையைக் கேளுங்கள்.

வீட்டு யூவி விளக்கு கிருமிக்கானது. கிருமிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் அளவு போதும். மருந்தை உடைக்கப் பெராக்சைடும் சேர்த்து 500-க்கும் மேல் வேண்டும். ஆர்ஓ சவ்வு பெரும்பாலான மருந்தைத் தடுக்கும், ஆனால் தடுத்தது கழிவுக் குழாய் வழியாகச் சாக்கடைக்கே திரும்பிப் போகும்.

குடிக்கிற ஊரணியில் கழிவுநீரை எவ்வளவு சுத்திகரித்தாலும் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டுக் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை வீணாக்காமல் சேர்த்த ஊர் இது. ஊரணிக்கு வேண்டியது தூர்ந்துபோன வரத்துக்கால்களைச் சரிசெய்வது. சுத்திகரித்த நீர் தோட்டத்துக்குப் போகட்டும். இந்த முறைக்குப் பணம் ஒதுக்குவதானால் பெரிய மருத்துவமனைகளின் வெளியேற்றுக் குழாயில் வைக்க வேண்டும். அங்கே தண்ணீர் குறைவு, மருந்து அடர்த்தி அதிகம், செலவுக்குப் பலன் உண்டு.

அப்புறம் வீட்டு மாத்திரைகள். நம் பக்கம் எத்தனையோ பெரிய வீடுகளில் ஐயாவும் ஆச்சியும் மட்டும்தான் இருக்கிறார்கள். விசேஷத்துக்குப் பிள்ளைகள் வந்து அலமாரியை ஒழித்தால் பை நிறையக் காலாவதி மாத்திரை வரும், நேரே கழிப்பறைக்குப் போகும். அதைச் செய்யாதீர்கள். ஃபெண்டனில், டிரமடால் போன்ற 17 மருந்துகளை மட்டும், பிறர் கைக்குப் போனால் ஆபத்து என்பதால், கழிப்பறையில் போடச் சொல்லி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வழிகாட்டியிருக்கிறது. மற்றதைப் பக்கத்து மருத்துவமனையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். காலாவதி மருந்தை மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதி அவர்களுக்குச் சொல்கிறது, அதனால் அந்த ஏற்பாடு அவர்களிடம் இருக்கும்.