அம்புக்கு எத்தனை அங்குல இறகு?

சென்ற இதழில் மரவில்லைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இறகைப் பற்றிக் கேட்கின்றன. வில்லைப் பற்றி அவ்வளவு எழுதியும் எல்லார் கண்ணும் அம்பின் வாலில்தான்! குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நர்ஸாக இருந்தபோது, நைட் டியூட்டி முடிந்து தூக்கம் பிடிக்காத காலைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இறகு ஒட்டப் பழகினேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நான் இழுப்பது லாங்போ என்கிற நெடிய மரவில், நாணை முழுக்க இழுக்க 34 பவுண்டு பலம் வேண்டும்; அம்பும் மரம். கப்பி வைத்த நவீன காம்பவுண்ட் வில்காரர்களுக்கு என் பதில்கள் உதவாது.

அக்கா, லாங்போ பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. கடையில் 4 அங்குலம், 5 அங்குலம், பாராபாலிக், ஷீல்டு என்று விதவிதமாக இறகு வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், லெஸ்டர்

4 அங்குல பாராபாலிக் வாங்குங்கள். அவசரக்காரர்கள் இத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

நேரம் இருப்பவர்களுக்கு: லாங்போவின் நடுவில் அம்பு போக வெட்டு கிடையாது. அம்பு வில்லின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கிளம்புகிறது. நாணை விட்டதும் தண்டு ஒரு தடவை வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தபடி போகிறது. அந்த நெளிவை அடக்கி வாலைப் பின்னால் பிடித்து வைப்பதுதான் இறகின் வேலை. பெரிய இறகு சீக்கிரம் அடக்கும்; ஆனால் காற்றையும் அதிகம் பிடிக்கும், தூரம் போகப் போக அம்பு தொய்ந்து விழும். சின்ன இறகு தொலைவுக்குப் போகும். ஆனால் உங்கள் விரல் நாணை விடும்போது செய்யும் தப்பை மன்னிக்காது. ஆறு மாத விரலுக்கு மன்னிப்பு நிறைய வேண்டும். அதனால் 4. கை இன்னும் நடுங்குகிறது என்றால் 5. வெயிட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், 4 அங்குல இறகு மூன்றும் சேர்ந்தே அரை கிராம் அளவுதான்.

வடிவம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பாராபாலிக் என்றால் பின்பக்கம் உருண்டு இறங்குவது, மாங்கொட்டையைப் பாதியாகப் பிளந்த மாதிரி. ஷீல்டு என்றால் பின்பக்கம் உள்வாங்கி, மேலே ஒரு கூர்முனை. அழகில் ஷீல்டுதான் ஜெயிக்கும். ஆனால் அந்த முனை காற்றில் கொஞ்சம் இரைகிறது, மழையில் முதலில் மடங்குவதும் அதுதான். நான் கண்காட்சிக்குப் போகும்போது ஷீல்டு, மற்ற நாளில் பாராபாலிக்.

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை வைத்திருக்கிறார்கள். 1545ல் மூழ்கி 1982ல் மேலே கொண்டுவரப்பட்டது. கூடவே கிடைத்த அம்புகள் சுமார் 3,500. இறகுகள் கடலில் மக்கிப்போய்விட்டன. ஆனால் ஒட்டிய பசையின் தடமும் அதன்மேல் நெருக்கமாக நூல் சுற்றிய தடமும் சில தண்டுகளில் இன்னும் தெரியும். அந்தத் தடத்தின் நீளத்தைப் பார்த்தால் என் 4 அங்குலம் குழந்தை மாதிரி. அந்தக் கப்பல் வில்லாளிகள் இழுத்தது 100 பவுண்டுக்கும் மேற்பட்ட வில், அம்போ தடித்த தண்டும் இரும்பு முனையும் கொண்டது. அந்தக் கனத்துக்கு அந்த வால் தேவை. நம்முடையது அட்டைமேல் ஒட்டிய காகிதத்தில் குத்துகிற அம்பு.

இதற்கு நேர்மாறாக, கிளவுட் என்று ஒரு ஆட்டம் உண்டு. தரையில் நட்ட கொடியைக் குறிவைத்து வானம் பார்த்து விட வேண்டும். ஆண்களுக்கு 180 கஜம், பெண்களுக்கு 140. அதற்கு மட்டும் நான் இரண்டரை அங்குல நீளத்தில், உயரம் குறைவாக வெட்டிய இறகு ஒட்டுகிறேன். 5 அங்குலத்தோடு போனால் என் வில்லுக்குக் கொடி எட்டாது.

இப்போது என் வெட்கக்கேடு ஒன்று. ஆரம்பத்தில் என் அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகும். 4 அங்குலம் போதவில்லை போலிருக்கிறது என்று 5, அப்புறம் ஐந்தரை அங்குல ஷீல்டு என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஆட்டம் குறைந்தது, எனக்கும் திருப்தி. ஒரு வருஷம் கழித்து, கிளப்பில் ஒரு பெரியவர் என் அம்பு ஒன்றில் இருந்து மூன்று இறகையும் சீவி எடுத்துவிட்டு, "இப்போது விடு" என்றார். 15 கஜம்தான். மொட்டை அம்பு மற்ற அம்புகளுக்கு ஒரு சாண் இடப்பக்கமாகப் போய்க் குத்தியது. வலக்கைக்காரருக்கு மொட்டை அம்பு இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் துவள்கிறது. நான் வாங்கியிருந்தது 45–50 பவுண்டு வில்லுக்கான தண்டு! 30–35 தண்டுக்கு மாறியதும் 4 அங்குலமே தாராளமாகப் போதும் என்றாகிவிட்டது. ஒரு வருஷமாக நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் ஒரு நர்ஸ்.

ஆகவே இறகு வாங்கப் போகும் முன் ஒரு மொட்டை அம்பை விட்டுப் பாருங்கள். கிட்டத்தில், மெத்தென்ற இலக்கில் மட்டும். மர அம்பு கோணலாகக் குத்தினால் உடையும்.

எங்கள் தோட்டத்தில் மயில்கள் ஏராளம், இறகு உதிர்ந்து கிடக்கிறது. அதையே அம்புக்கு வைக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர் அருகில் இருந்து

நீங்கள் நினைப்பது தோகை என்றால், அது ஆகவே ஆகாது. இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் தனித்தனியாகத் தொங்கும். அம்புக்கு வேண்டியது சிறகின் பெரிய இறகு. மயில் சிறகு இறகை அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் வைத்ததுண்டு. பழைய ஆங்கிலக் கவி சாசரின் கதையில் வரும் வில்லாளி இடுப்பில் ஒரு கட்டு மயிலிறகு அம்புதான் செருகியிருப்பான். ஆனால் 1545ல் வில்வித்தைக்கென்றே புத்தகம் எழுதிய ரோஜர் ஆஸ்கம், அது சொரசொரப்பு, கனம், பகட்டுக்காக எடுத்தவர்கள் பலர் பலனைப் பார்த்துக் கீழே வைத்துவிட்டார்கள் என்கிறார். அவர் ஓட்டு கூஸ் வாத்து இறகுக்கு. நம் பக்கத்தில் வேறொரு தொல்லையும் இருக்கிறது: மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வில்லுக்காக வில்லங்கத்தில் மாட்டாதீர்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வான்கோழி வளர்ப்பவரிடம் சொல்லி வையுங்கள். உலகமெங்கும் கடையில் விற்கிற அம்பு இறகில் பெரும்பாலானது வான்கோழிதான். சிறகு நுனிப்பக்கத்துப் பெரிய இறகுகளை வாங்கி, நடுத்தண்டை பிளேடால் நீளவாக்கில் பிளந்து, அகலமான பக்கத்து இழையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். காகிதம் மாதிரி வளைய வேண்டும், ஆனால் இழை உதிரக் கூடாது. முதல் பத்து இறகு வீணாகும். வடிவம் வெட்டக் கத்தரியும் ஒரு பழைய விசிட்டிங் கார்டும் போதும். சூடான கம்பியால் பொசுக்கி வெட்டும் கருவியும் இருக்கிறது, என்னிடமும் உண்டு. முடி கருகுகிற அந்த நாற்றத்தில் என் வீட்டுக்காரர் அதையும் என்னையும் கராஜுக்கு அனுப்பிவிட்டார்.

வலச்சிறகு இறகு, இடச்சிறகு இறகு என்று பிரித்து விற்கிறார்களே, வலக்கைக்காரருக்கு வலதா?
– வாசகர், ஈப்போ

கைக்கும் சிறகுக்கும் சம்பந்தம் இல்லை. வலச்சிறகு இறகு, விடுகிறவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அம்பைக் கடிகாரச் சுற்றாகச் சுழற்றும், இடச்சிறகு எதிர்ச்சுற்று. அம்பு வில்லைத் தாண்டிய பிறகுதான் சரியாகச் சுழலவே ஆரம்பிக்கிறது, ஆகையால் எதுவானாலும் சரி. ஒரே அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒட்டும்போது அம்பையும் இறகையும் பிடித்து வைக்கிற ஜிக் என்ற கருவியின் கிளாம்ப் (இறகைக் கவ்வும் பிடி) திருகலானது என்றால் இறகும் அந்தப் பக்கத்தது ஆக இருக்க வேண்டும். வலது கிளாம்ப்பில் இடது இறகை வைத்தால் அடித்தண்டு எழும்பிக்கொண்டே நிற்கும், பசையைக் குறை சொல்வீர்கள்.

கைமேலேயே அம்பை வைத்து விடுகிறேன். பத்து அம்புக்குள் ஆள்காட்டி விரல் கீறி ரத்தம் வருகிறது. சின்ன இறகுக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகி, குரோய்டன்

ஆகாது. கீறுவது இழை அல்ல, இறகின் முன்முனையில் இருக்கும் தண்டு. ஒரு அம்பை எடுத்து, முனைப்பக்கத்தில் இருந்து வால்பக்கமாக விரலை மெல்ல நகர்த்துங்கள். இறகு தொடங்குகிற இடத்தில் நகம் மாதிரி ஒன்று தட்டும். அம்பு ஒவ்வொரு தடவையும் அதைத்தான் உங்கள் விரல்மேல் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த முனையை நுண் உப்புத்தாளால் ஒன்றுமில்லாமல் சரியும்வரை தேயுங்கள். அதன்மேல் ஒரு சொட்டுப் பசை விட்டு, காய்வதற்குள் ஈர விரலால் தண்டோடு தடவிவிடுங்கள். நான் இதற்கும் மேலே பட்டு நூலில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி வார்னிஷ் தடவுகிறேன். பிறகு விரல் தேறும்.

இன்னொன்று, மூன்று இறகில் தனி நிறத்தில் இருக்கும் ஒன்று வில்லைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அவசரத்தில் திருப்பி மாட்டினாலும் அந்த விரல்தான் வாங்கிக்கொள்ளும்.

இறகுக்குப் பதிலாக வேன் என்கிற பிளாஸ்டிக் தகடு ஒட்டினால் மழைத் தொல்லை இல்லையே?
– வாசகர், டொராண்டோ

இல்லைதான். ஆனால் இறகு வில்லில் உரசும்போது மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் மடங்காமல் அம்பையே தள்ளிவிடும். தவிர, உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் லாங்போ பிரிவில் மர அம்பும் இயற்கை இறகும்தான் செல்லும்.

மழையில் படுத்துப்போன இறகைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தானாகக் காயவிட்டு, கெட்டில் கொதிக்கும்போது மூக்கில் இருந்து வரும் ஆவியில் அம்பைச் சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து பழைய வடிவத்துக்கு வருவது கண்ணுக்கே தெரியும். சில நொடி போதும், அதற்கு மேல் காட்டினால் பசை இளகும்.