க்ளோவர்ஃபீல்ட்: ஆடும் கேமரா பற்றி

அன்புள்ள அண்ணா,

ராட்சத மிருகப் படங்கள் பற்றி நீங்கள் எழுதியபோது ‘க்ளோவர்ஃபீல்ட்’ படத்தை மிகவும் உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி நேற்று இரவு பார்த்தேன். படம் முழுக்க ஒரு பாத்திரம் கையில் பிடித்த கேமராவில் எடுத்த வீடியோவாகவே வருகிறது. அரை மணி நேரத்தில் தலைசுற்றிவிட்டது. நியூயார்க்கே இடிந்து விழுகிறது, உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டா ஓடுவான்? மிருகம் எங்கிருந்து வந்தது, என்ன ஆனது, எதற்கும் பதில் இல்லை. முதல் இருபது நிமிடம் வெறும் பார்ட்டி. கையில் காசு இல்லாததால் மிருகத்தைக் காட்டாமல் கேமராவை ஆட்டியே ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. உங்களுக்கு இதில் அப்படி என்ன பிடித்தது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தலைசுற்றலைப் பற்றி உங்களோடு வாதாட மாட்டேன். 2008 ஜனவரியில் படம் வந்தபோதே அமெரிக்காவில் சில திரையரங்குகள் வாசலில் எச்சரிக்கை ஒட்டின. சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். சின்னத் திரையில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அறையில் விளக்கு எரிய விட்டுப் பார்த்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஆனால் ஏமாற்றுவேலை என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்ஜெட் 25 மில்லியன் டாலர்தான், ஹாலிவுட் மிருகப் படத்துக்கு அது குறைவுதான், சரி. ஆனால் கேமரா ஆடினால் கிராஃபிக்ஸ் வேலை குறையும் என்பது உண்மையில்லை. ஸ்டாண்டில் நிற்கும் கேமராவில் மிருகத்தைப் பொருத்துவதைவிட, ஓடுகிறவன் கையில் குலுங்கும் கேமராவில் பொருத்துவது பல மடங்கு சிரமம். ஒவ்வொரு பிரேமிலும் கேமரா எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கண்டுபிடித்து, அதே குலுக்கலை மிருகத்துக்கும் கொடுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் செய்த டிப்பெட் ஸ்டுடியோக்காரர்கள் அந்த மிருகத்துக்காக அப்படித்தான் உழைத்தார்கள். இயக்குநர் மேட் ரீவ்ஸ் மிருகத்தை முழுதாகக் காட்டாதது அவர் யோசித்து எடுத்த முடிவு. தெருவில் நிற்கும் ஒருவன் இருபது மாடி உயரமுள்ள ஒன்றை எப்படிப் பார்ப்பான்? இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கால் போகும், அப்புறம் புழுதி. அவ்வளவுதான் பார்க்க முடியும்.

ஓடுகிறவன் கேமராவை ஏன் கீழே போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், அதே நியூயார்க்கில் நிஜமாக நடந்ததை நினைத்துப் பார்ப்பதில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று காலை தீயணைப்புப் படையினரைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஜூல் நோடே என்ற பிரெஞ்சு இளைஞர், முதல் விமானம் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் மோதுவதைப் படம்பிடித்தார். பிறகு அந்த வீரர்களோடு கோபுரத்தின் கீழ்த்தளத்துக்கே போனார். பக்கத்துக் கோபுரம் சரிந்து எல்லாம் இருண்டபோதும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொழில்முறைக் கலைஞர் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அன்றைக்குச் சாதாரண மக்கள் ஜன்னலிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்த வீடியோக்களும் ஏராளம். கண்ணால் பார்ப்பதை நம்ப முடியாதபோது அதை ஒரு சின்னத் திரைவழியாகப் பார்ப்பது மனிதனுக்கு ஏதோ ஒரு பிடிமானத்தைத் தருகிறது. படத்தில் சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து விழுந்ததும் சுற்றியிருப்பவர்கள் முதலில் செய்வது என்ன? செல்போனை எடுத்துப் படம்பிடிக்கிறார்கள். 2008லேயே அதைக் கவனித்து வைத்த படம் இது.

புழுதி மேகம் தெருவை விழுங்கிக்கொண்டு வருவதும், கடைக்குள் ஓடி ஒளிவதும், சாம்பல் பூசிய முகங்களும் அந்த நாளிலிருந்து நேராக வந்தவை. அந்தத் துயரத்தைக் கேளிக்கை ஆக்கிவிட்டார்கள் என்று அப்போதே கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தயாரிப்பாளர் ஜே.ஜே. ஆப்ராம்ஸுக்கு இந்த யோசனை ஜப்பானில் மகனோடு பொம்மைக் கடைக்குப் போய்க் காட்ஸில்லா பொம்மைகளைப் பார்த்தபோதுதான் வந்தது. அந்தக் காட்ஸில்லா முதலில் திரைக்கு வந்தது 1954 நவம்பரில், ஹிரோஷிமா நடந்து ஒன்பது வருஷம் கழித்து. அதே வருஷம் மார்ச்சில்தான் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது கொட்டியது. வாய்விட்டுச் சொல்ல முடியாத பயத்தை ஒரு மிருகத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பது இந்த வகைப் படங்களின் பிறவிக்குணம். மிருகம் எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லாததும் இதனால்தான். செப்டம்பர் 11 காலை நியூயார்க் தெருக்களில் ஓடியவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமானது நீங்கள் கடிதத்தில் தொடாத ஒன்று. கேமராவோடு ஓடும் ஹட் படம்பிடிப்பது புது டேப்பில் இல்லை. அவன் நண்பன் ராப் ஒரு மாதம் முன்பு, தான் காதலிக்கும் பெத்தோடு கோனி ஐலண்டு கடற்கரைக்குப் போன நாளின் பதிவு அதில் இருக்கிறது, அதன்மேலேயே இவன் எடுத்துக்கொண்டு போகிறான். அங்கங்கே இடைவெளி விழும்போது பழையது எட்டிப்பார்க்கிறது. சுரங்கப்பாதை இருட்டு, அலறல், சட்டென்று வெயிலில் சிரிக்கும் ஒரு பெண், மறுபடி இருட்டு. பேரழிவு என்றால் கட்டடம் விழுவதை எந்தப் படமும் காட்டும். இரண்டு பேர் சந்தோஷமாக இருந்த ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதை அந்த வீடியோவுக்குள்ளேயே காட்டியது இந்தப் படம். கையில் எடுத்த வீடியோ என்ற பாவனை இல்லாவிட்டால் இதைச் செய்யவே முடியாது. ‘யாரோ எடுத்த வீடியோ கிடைத்தது’ என்று வரும் படங்களில் பெரும்பாலானவை பயமுறுத்த மட்டுமே அதைப் பயன்படுத்துகின்றன, இது ஒன்றுதான் அந்த வடிவத்துக்குள் ஒரு காதலை வைத்தது என்பேன். அந்தப் பார்ட்டியும் அவ்வளவு நேரம் நீள்வது அதற்காகத்தான். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த இருவர் ராபும் பெத்தும், பேச வேண்டியதைப் பேசாமல் விட்டவர்கள்.

குறை இல்லாத படம் என்று சொல்லவில்லை. தோளில் கம்பி குத்தி நின்ற பெத் சிறிது நேரத்தில் ஓடுவதை நம்புவது கஷ்டம். ஹெலிகாப்டர் விழுந்தும் மூவர் பிழைப்பது அதைவிடக் கஷ்டம். கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் பகல் வெளிச்சத்தில் மிருகத்தின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் காட்டியிருக்க வேண்டாம். அதுவரை சேர்த்து வைத்த பயத்தில் பாதி அந்த ஷாட்டில் போய்விடுகிறது.

எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது, ஹேண்டிகேமில் ஏது இசை. இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோ தன் பங்கை அந்தக் கடைசி எழுத்துகளுக்குத்தான் வைத்திருக்கிறார். பழைய ஜப்பானிய மிருகப் படங்களின் இசையை வணங்கி எழுதிய முழு ஆர்கெஸ்ட்ரா அது. கேமரா ஆடாது, தலையும் சுற்றாது, ஹெட்போனில் கேளுங்கள்.

அன்புடன்.