பர்மாப் பெட்டி: கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி): ஐயா, அப்பத்தா வைத்திருந்த கறுப்பு, சிவப்புப் பர்மாப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப்பொம்மையில் ஏற்றும் அரக்குதானா இது?

பதில்: இல்லை தம்பி. பொம்மையில் ஏற்றுவது பூச்சி தரும் அரக்கு. கடைசலில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். இத்தகைய பெட்டி செய்யும் பர்மிய ஊரான பகானில் பூசுவது மரத்துப் பால், பர்மியப் பெயர் திட்சி. காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். உங்கள் பெட்டியின் கறுப்பு பெரும்பாலும் அந்தப் பாலுடையதுதான். அந்த மரம் மா, முந்திரி, சேங்கொட்டைக் குடும்பம். பச்சைப் பால் மேலே பட்டால் சிலருக்குக் கொப்புளித்துவிடும்.

கேள்வி (சேலம்): கையில் எடுத்தால் கனமே இல்லையே, உள்ளே என்ன மரம்?

பதில்: மூங்கில். மெல்லிய பட்டையாகச் சீவி வளையம் வளையமாகச் சுற்றுவார்கள். உயர்ந்த ரகக் கிண்ணத்துக்கு மூங்கில் இழை பாவு, குதிரை முடி ஊடை. அதன் எதிரெதிர் விளிம்புகளை விரலால் அழுத்தி ஒட்டவைக்கலாம், விட்டால் விரிந்துகொள்ளும்.

கேள்வி (கோவை): பூச்சு வெயிலில் காய வைப்பார்களா?

பதில்: வெயிலே ஆகாது! திட்சி ஈரக்காற்றில்தான் இறுகும். அதற்காகவே நிலவறை. அங்கே தூசியும் விழாது. முதலில் சாம்பல் குழைத்த பாலால் மூங்கில் இடுக்கை அடைத்துத் தேய்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு பூச்சுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம், மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. நல்ல சாமான் முடிய மாதக்கணக்காகும். பத்தே நாளில் செய்து தருகிறேன் என்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி (மதுரை): பெட்டி மேலுள்ள அந்த நுணுக்கமான கோடுகளில் இத்தனை நிறம்! எந்தத் தூரிகை, ஐயா?

பதில்: தூரிகை இல்லை, இரும்பு ஊசி. சிவப்பு வரவேண்டிய கோடுகளை மட்டும் முதலில் கீறுவார்கள். மேலே முழுக்கச் சாதிலிங்கம் என்ற சிவப்புப் பொடியைத் தேய்த்து வழித்தால் கீறலுக்குள் மட்டும் நிறம் தங்கும். அதைப் பிசினால் மூடிவிட்டு அடுத்த நிறத்துக்குக் கீறல். மஞ்சளுக்கு அரிதாரம் என்ற மஞ்சள் கனிமம், பச்சைக்கு அதோடு அவுரி நீலம். தேர்ந்த கைகளுக்கு அச்சுப்படம் வேண்டாம், மனப்பாடம்தான். பகானில் இதைக் கற்றுத்தர 1924இல் பள்ளியே தொடங்கினார்கள்.

கேள்வி (காரைக்குடி): அந்தப் பெட்டியில் முறுக்கு போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் பாஷாணம். பழைய பெட்டியில் என்ன நிறம் போட்டார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வளையல், நூல்கண்டு வையுங்கள். வெயில் படாமல், ஏசி காற்று நேரே அடிக்காமல் இருக்கட்டும். துடைக்க மெல்லிய பருத்தித் துணி போதும்.