ஃபின்சிங்ஃபீல்டு குளத்துப் படங்கள் வெளிறிப் போவது பற்றி

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ஃபின்சிங்ஃபீல்டு கிராமத்துக் குளத்தை நண்பகலில் படம் எடுத்தால் வெள்ளை வீடுகள் வெளிறுகின்றன, கரையெல்லாம் கார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் கோளாறு இல்லை, நேரம்தான் தப்பு. ஜூனில் அங்கே 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வீடுகளின் பிம்பம் கலையாமல் நீரில் விழும். வார நாளாகப் பார்த்துப் போனால் சுற்றுலாக் கார்கள் குறையும். லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் குளத்துக்கு மட்டும் கழற்றிவிடுங்கள், பிம்பத்தையே தின்றுவிடக்கூடும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) கொஞ்சம் குறைத்து, RAW கோப்பாக (கேமரா பதிவுசெய்த தகவலைச் சுருக்காமல் வைக்கும் வடிவம்) எடுங்கள். நிழலை அப்புறம் மீட்கலாம், வெளுத்துப்போன சுவரை மீட்க முடியாது.

அவ்வளவு சீக்கிரம் எழ முடியாதா? சரி, டிசம்பரில் போங்கள். நண்பகலிலும் சூரியன் 15 டிகிரி உயரம்தான் வரும், நாள் முழுக்கச் சாய்ந்த வெயில் (வெயில் அடித்தால்!). பொதுத் தெருவில் நின்று வீடுகளை எடுக்கத் தடையில்லை. ஜன்னலுக்குள் மட்டும் ஜூம் செய்யாதீர்கள்.