பென்சில்வேனியாவில் வாங்கிய மருத்துவக் கஞ்சா அட்டை டெக்சாசில் செல்லுமா? மாநிலத்துக்கு மாநிலம் தகுதி விதி ஏன் மாறுகிறது?

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை: செல்லாது. நாங்கள் 2022 இல் பென்சில்வேனியாவிலிருந்து டெக்சாசுக்குக் குடிபெயர்ந்தோம். அந்த அட்டையை வைத்திருந்தவர் என் கணவர். இரண்டாம் பாதிக்கு விடை சொல்லச் சற்று இடம் வேண்டும்.

கீழ்முதுகில் வட்டு விலகி அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் அவருக்கு வலி நிற்கவில்லை. பென்சில்வேனியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள நோய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. கடுமையான நாள்பட்ட வலி அதில் ஒன்று. மாநிலத்தின் இணையதளத்தில் பதிந்து, இதற்கென ஒப்புதல் பெற்ற மருத்துவரிடம் சான்று வாங்கி, 50 டாலர் கட்டினோம். அட்டை தபாலில் வந்தது. விற்பனை நிலையத்தில் வாசலிலேயே அட்டையைச் சரிபார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். நான் வெளியே காரில் காத்திருந்தேன். மருந்தாளர் ஒருவர் நெடுநேரம் பேசி, அவர் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, நாக்கின் அடியில் விடும் எண்ணெயைப் பரிந்துரைத்தாராம். விரல் நீளப் புட்டி, சொட்டுக் குழாய், டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள்) எத்தனை மில்லிகிராம், சிபிடி (அதிலேயே உள்ள, போதை தராத வேதிப்பொருள்) எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்ட சீட்டு. வீட்டில் மாமியாரிடம் அதை "முதுகுவலி எண்ணெய்" என்றே சொல்லி வைத்தோம்; ஒரு நாள் அவர் அதைத் தம் முழங்காலில் தேய்த்துக்கொள்ளக் கேட்டபோதுதான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

டெக்சாசில் அட்டை என்ற ஒன்றே கிடையாது. பதிவுபெற்ற மருத்துவர் நோயாளியின் பெயரையும் மருந்தளவையும் மாநிலப் பதிவேட்டில் ஏற்றுகிறார். உரிமம் பெற்ற நிலையம் அதைப் பார்த்து மருந்து கொடுக்கிறது. ஆனால் எங்கள் சிக்கல் அட்டையில் இல்லை, பட்டியலில் இருந்தது. 2015 இல் டெக்சாஸ் முதன்முதலாக இதற்கு வழிவிட்டபோது, மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய் ஒன்றுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2019 இல் தண்டுவட மரப்பு நோய், ஆட்டிசம், இறுதிக்கட்டப் புற்றுநோய் முதலியவை சேர்ந்தன. 2021 இல் புற்றுநோய் எந்தக் கட்டமாயினும் சரி என்றானது. போர், விபத்து போன்றவற்றுக்குப் பின் வரும் மன உளைச்சல் நோயும் இடம்பெற்றது. டிஎச்சி அளவு மருந்தின் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். நாள்பட்ட வலி என்ற சொல் எங்கும் இல்லை. ஆகவே அதே முதுகும் அதே வலியும் அதே எம்ஆர்ஐ அறிக்கையும் கொண்ட அதே மனிதர், வீடு மாறிய அந்த வாரத்திலேயே சட்டத்தின் கண்ணில் நோயாளி அல்லாதவராகிவிட்டார். பழைய வலி மாத்திரைகளுக்கே திரும்பினார். நாள்பட்ட வலியைச் சேர்த்த திருத்தச் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இப்போது அளவுக் கணக்கும் மாறி, ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி என்பது உச்சவரம்பு.

ஏன் இப்படி என்றால், இந்தப் பட்டியல்களை மருத்துவ ஆவணங்களாக நினைத்துப் படிப்பதே தவறு என்பது என் கருத்து. அமெரிக்க மத்திய அரசின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை மருத்துவப் பயனற்ற பொருள்களின் முதல் அட்டவணையில் வைத்தது. அதனால்தான் மாநிலத் திட்டங்களில் மருத்துவர்கள் வழக்கமான மருந்துச்சீட்டு எழுதாமல், 'இவருக்கு இந்த நோய் உண்டு' என்று சான்றளிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் வந்தது. பொதுவான மருத்துவ அளவுகோல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு சட்டமன்றமும் தன் அச்சத்துக்கும் தன்னை வந்து சந்தித்த நோயாளிகளுக்கும் ஏற்பப் பட்டியல் எழுதியது. 2013 இல் கொலராடோவைச் சேர்ந்த சார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு டிஎச்சி குறைந்த கஞ்சா எண்ணெயால் வலிப்பு தணிந்த கதை தொலைக்காட்சியில் வந்த பின், தென் மாநிலங்கள் பலவும் அடுத்தடுத்து டிஎச்சி குறைந்த எண்ணெய்க்கு மட்டும் சட்டம் இயற்றின. ஜார்ஜியா 2015 இல் அப்படிச் சட்டம் போட்டு, 5 சதவீதத்துக்கு மிகாத டிஎச்சி உள்ள எண்ணெயை வைத்திருக்க நோயாளிகளை அனுமதித்தது. ஆனால் மாநிலத்துக்குள் சட்டப்படி வாங்க முதல் கடை திறந்தது 2023 இல்தான். எட்டு ஆண்டுகள் அட்டை கையில் இருந்தது, அதைக் காட்ட ஒரு கடை இல்லை.

கண் அழுத்த நோயை (கிளௌகோமா) எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலப் பட்டியல்களில் அது இருக்கிறது. ஆனால் கஞ்சா கண் அழுத்தத்தைச் சில மணி நேரமே குறைக்கிறது என்பதால் அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. மறுபுறம், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017 ஆம் ஆண்டு அறிக்கை வலுவான சான்று உண்டு என்று சொன்ன சிலவற்றுள் பெரியவர்களின் நாள்பட்ட வலி ஒன்று. டெக்சாசில் அது பட்டியலேற அதன் பிறகும் எட்டு ஆண்டுகள் ஆயின. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களான பென்சில்வேனியாவும் ஒஹாயோவும் பதற்ற நோயைப் பரிசீலித்தது ஒரே 2019 இல்தான்: பென்சில்வேனியா சேர்த்துக்கொண்டது, ஒஹாயோவின் மருத்துவ வாரியம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

பட்டியலோடு நோயாளியைக் கட்டிப்போடாத மாநிலங்களும் உண்டு. 1996 இல் வாக்கெடுப்பின் மூலம் முதலில் வழிதிறந்த கலிபோர்னியா, சில நோய்களைப் பெயர் சொல்லிவிட்டு, கஞ்சா நிவாரணம் தரும் வேறெந்த நோயும் என்று முடித்துவிட்டது. ஒக்லஹோமா 2018 வாக்கெடுப்பில் நோயின் பெயரையே கேட்காமல், மருத்துவரின் பரிந்துரை போதும் என்றது. வர்ஜீனியாவும் நியூயார்க்கும் பட்டியலில் தொடங்கிப் பின்னர் முடிவை மருத்துவரிடமே விட்டன. டெக்சாசும் ஒக்லஹோமாவும் ஒட்டிக்கிடக்கும் மாநிலங்கள் என்பதை நினைத்தால், அந்த எல்லைக்கோடு எத்தனை நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப்போட்டிருக்கிறது என்று புரியும்.

அடுத்தது வசிப்பிடம். பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் மாநில அடையாள அட்டையைக் கேட்கும். வெளிமாநில நோயாளிகளுக்கு ஒக்லஹோமா தற்காலிக உரிமம் தருகிறது. நெவாடா வெளிமாநில அட்டையை ஏற்கிறது. புளோரிடா ஏற்பதில்லை, ஆனால் குளிர்காலத்தைக் கழிக்க ஆண்டுதோறும் வந்து தொடர்ந்து 31 நாளாவது தங்குபவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. எந்த ஏற்பாடாக இருந்தாலும், மருந்தை மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்ல மத்தியச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. டெக்சாசுக்கு வருபவர்கள் இதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்: இங்கே காய்ந்த கஞ்சாப் பூவைவிட, டிஎச்சி பிரித்தெடுத்த எண்ணெய்க்கும் ஆவிக்குழலுக்கும் (வேப்) சட்டம் கடுமையானது, ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றப் பிரிவில் சேரும். நாங்கள் புட்டியில் மிச்சமிருந்ததை அங்கேயே அழித்துவிட்டுத்தான் வண்டியேறினோம்.

நம்மவர்கள் பலருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் கணவர் அமெரிக்கக் குடிமகன். நீங்கள் எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவரென்றால், மாநிலம் தகுதி கொடுத்துவிட்டது என்பதை மட்டும் நம்பி அட்டைக்கு விண்ணப்பிக்காதீர்கள். குடியேற்றம் முழுக்க மத்தியச் சட்டத்தின் கையில் இருக்கிறது. மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும் கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே அறிவித்தது. எச்1பியில் இருக்கும் என் தம்பி முறையாகும் ஒருவர் ஒற்றைத் தலைவலிக்காகக் கேட்டபோது, முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார், பிறகு மருத்துவரைப் பார் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

குடிபெயர்வது உறுதி என்றால், கிளம்புவதற்கு முன் எம்ஆர்ஐ அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, இதுவரை சாப்பிட்ட வலி மருந்துகளின் விவரம் ஆகியவற்றின் நகல்களை மருத்துவமனையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 இறுதியில் என் கணவரைப் பார்த்த டெக்சாஸ் மருத்துவர் பென்சில்வேனியா அட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்தது இந்தக் காகிதங்களைத்தான்.