போத்தல் எத்தனை, பாரம் எவ்வளவு?

இம்முறை வந்த கடிதங்களில் வைனின் ருசியைக் கேட்டவர்களை விட நிறையைக் கேட்டவர்களே அதிகம். போர்தோவில் ஒரு மொத்த வியாபாரியின் சரக்கறையில் பெட்டி அடுக்கியும் எண்ணியும் பிழைத்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த கேள்விகள் இவை.

கேள்வி: பாரிஸ் லா சப்பலில் சின்ன உணவகம் வைத்திருக்கிறேன். ஆறு போத்தல் பெட்டிகள் 40 வரப்போகின்றன. பின்னறையில் நான்கு தட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் 120 கிலோ தாங்கும். பெட்டியின் நிறையை முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது?

முதலில் வைனைக் கணக்கிலிருந்து ஒதுக்கி வையுங்கள். சாதாரணப் போத்தலில் 750 மில்லிலீற்றர் இருக்கும். மதுசாரம் தண்ணீரை விட இலேசு, சீனி கனம். அதனால் இனிப்பில்லாத வைன் 750 கிராமுக்குச் சற்றுக் குறையும், சோத்தேர்ன் போன்ற இனிப்பு வைன் சற்றுக் கூடும். அந்த வித்தியாசம் உங்கள் தட்டுக்குத் தெரியாது. எந்த வைன் என்றாலும் முக்கால் கிலோ என்று போட்டுவிடுங்கள்.

மாறுவது கண்ணாடிதான். மெல்லிய போத்தல் வெறுமையாக 400 கிராம் வரும். கடைகளில் பரவலாகக் காண்பது 500 கிராமைச் சுற்றி இருக்கும். விலை கூடிய வைன் என்று காட்ட, தோள் அகன்ற தடித்த போத்தலில் அடைக்கிறார்களே, அது 900 கிராமையும் தாண்டும். உள்ளே இருக்கும் வைனை விடக் கண்ணாடி கனம்! இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ருசிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை; தூக்குகிறவரின் இடுப்புத்தான் போகும். ஷாம்பெயின் கதை வேறு. உள்ளே ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தம் இருப்பதால் கண்ணாடி தடிப்பாக இருந்தே ஆகவேண்டும். அப்படியிருந்தும் 900 கிராமாக இருந்த அந்தப் போத்தலை 2010 அளவில் 835 கிராமுக்குக் குறைத்தார்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். சாதாரணப் போத்தல் நிரம்பிய நிலையில் ஒன்றேகால் கிலோ. ஆறுக்கு ஏழரை, மட்டையும் சேர்த்து 8 கிலோ என்று வையுங்கள். ஷாம்பெயின் என்றால் பெட்டி 10 கிலோ, தடித்த போத்தல் என்றால் அதைச் சற்றுத் தாண்டும். தட்டுக்குப் பத்துப் பெட்டி என்று நான்கு தட்டிலும் பிரித்து வைத்தால், எது வந்தாலும் 120 கிலோவுக்குள் நிற்கும். ஒரே தட்டில் பதினைந்தை ஏற்றிவிட்டு, அடுத்த முறை ஷாம்பெயின் வரும்போது யோசிக்க வேண்டாம். சந்தேகம் என்றால் ஒரு போத்தலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 750 கிராமைக் கழித்தால் மிச்சம் கண்ணாடி.

இன்னொன்று, 12 போத்தல் மரப்பெட்டி வந்தால் அது 17, 18 கிலோ இருக்கும். தனியாகத் தலைக்கு மேலே தூக்கி வைக்காதீர்கள். கீழ்த்தட்டே அதற்கு இடம்.

கேள்வி: அடியில் ஆழமாகக் குழி உள்ள போத்தலில் வைன் குறைவாகத்தானே இருக்கும்?

இல்லை. குழி ஆழமானால் போத்தல் அகலத்திலோ உயரத்திலோ கூடியிருக்கும், அவ்வளவுதான். போத்தலைக் கவிழ்த்து அடிப்பகுதியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். 75 சென்டிலீற்றர் என்றும், பக்கத்தில் 63 மில்லிமீற்றர் போல ஒரு எண்ணும் கண்ணாடியிலேயே புடைத்திருக்கும். வாயின் மேல்விளிம்பிலிருந்து அத்தனை மில்லிமீற்றர் கீழே வைன் மட்டம் நின்றால் சரியாக 75 சென்டிலீற்றர் இருக்கிறது என்று பொருள். அளவுகோலை வெளியே பிடித்து நீங்களே பார்க்கலாம். வெயிலில் கிடந்த போத்தலில் வைன் விரிந்து மட்டம் ஏறும், குளிரில் இறங்கும். அதைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்கவேண்டாம். லேபிளில் ஆங்கில ‘ஈ’ போன்ற சிறு குறி இருந்தால், மொத்தமாக அடைத்ததன் சராசரி சொன்ன அளவுக்குக் குறையக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. தனிப் போத்தல் ஒன்றில் 15 மில்லிலீற்றர் வரை குறைவதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: லண்டன் கடையில் வாங்கிய ஆஸ்திரேலிய வைனில் ‘இங்கிலாந்தில் அடைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. கலப்படமா?

கலப்படம் இல்லை, பாரக் கணக்கு. 20 அடிக் கொள்கலனில் போத்தலாக ஏற்றினால் பன்னிரண்டு, பதின்மூவாயிரம் போத்தல் போகும். அதே கொள்கலனுக்குள் பெரிய பையை விரித்து வைனை மட்டும் நிரப்பினால் 24,000 லீற்றர், அதாவது 32,000 போத்தலுக்கான வைன். பாதி உலகம் சுற்றிக் கண்ணாடியைச் சுமந்து வருவானேன்? அன்றாடம் குடிக்கும் வைனுக்கு இது நல்ல முறை.

கேள்வி: போர்தோவுக்குப் பக்கத்தில் சென் எமிலியோனில் வைன் பீப்பாக்களைப் பார்த்தோம். ஒன்றில் எத்தனை போத்தல்?

போர்தோப் பீப்பா 225 லீற்றர்; 300 போத்தல். நான்கு பீப்பா சேர்ந்தால் ஒரு ‘தொனோ’, 900 லீற்றர், 1,200 போத்தல். இங்குள்ள பழைய வியாபாரிகள் இன்னும் தொனோவில்தான் விலை பேசுவார்கள். மரத்தின் வழி ஆவியாவதும் அடியில் படியும் மண்டியும் போகத்தான் மிச்சம் என்பதால், இடையில் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி: புதுச்சேரிக்குப் போகிறோம். அப்பாவுக்கு எத்தனை போத்தல் கொண்டுபோகலாம்?

ஆளுக்கு 2 லீற்றர் வரை இந்தியாவில் சுங்கவரி இல்லை. அதாவது இரண்டு போத்தல், நிறை இரண்டரைக் கிலோ. மூன்றாவது வைத்தால் இரண்டேகால் லீற்றர் ஆகிவிடும், மேலதிகத்துக்கு வரி கட்டவேண்டும். நீங்களும் கணவரும் ஆளுக்கு இரண்டு என்று எடுங்கள். பயணப்பெட்டியில் உடுப்புக்கு நடுவே, போத்தலும் போத்தலும் ஒன்றோடொன்று முட்டாதபடி வையுங்கள்.