ஏ.ஏ. கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் கணவர் குடியை விட வேண்டும் என்று அவராகவே சொல்கிறார். கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது, போனால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. விவரம் சொல்ல முடியுமா?

பதில்:

சகோதரி, நானும் குடிநோயாளிதான். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அதற்குப் போய்க் குடியை விட்டவன். பெயர் போடாமல் எழுதுகிறேன், அது எங்கள் வழக்கம்.

கூட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் அவர் இருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த விடாதீர்கள். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சியும் உருவமும் கண்ணுக்குத் தெரிவது என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். ஏ.ஏ. அந்த வைத்தியத்துக்குப் பதில் இல்லை, அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிற வேலை.

சரி, கூட்டம் எங்கே? நான் சொல்வது இதுதான்: முகவரியைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். நம் ஊர்களில் பல குழுக்களுக்குச் சொந்த இடம் கிடையாது. பள்ளி வகுப்பறை, சர்ச் வளாகத்தில் ஒரு அறை என்று இரவல் இடத்தில்தான் கூடுவார்கள். பரீட்சை வந்தால் இடம் மாறும், நேரமும் மாறும். வாசலில் பெரிய போர்டும் இருக்காது. பழைய முகவரியை நம்பிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்தால், அவர் திரும்பும் வழியில் டாஸ்மாக் இருக்கிறது. அதனால் குழுவில் இருக்கிற ஒருவருடைய ஃபோன் நம்பர்தான் முக்கியம்.

அது கிடைக்க, ஏ.ஏ.வின் இந்திய அலுவலகம் மும்பையில் இருக்கிறது, அதன் இணையதளத்தில் தொடர்பு விவரம் எடுத்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மனநலப் பிரிவில் இருக்கும் ஆலோசகரையும் கேளுங்கள், இந்தப் பக்கத்து ஏ.ஏ. ஆட்கள் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். 14446 என்ற இலவச எண், போதை மீட்புக்காக மத்திய அரசு நடத்துவது. சிகிச்சை மையங்களைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். பக்கத்தில் குழுவே இல்லை என்றால், தமிழில் இணையவழிக் கூட்டம் எப்போது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பர் கிடைத்ததும் உங்கள் கணவரே பேசட்டும். ஏ.ஏ. பிறந்ததே ஒரு ஃபோனில்தான். 1935-ல், குடியை விட்டிருந்த பில் என்பவர் வேலை விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் கெட்டுப்போய், தங்கியிருந்த ஓட்டலில் குடிக்க மனம் இழுத்தது. அங்கிருந்தே ஒரு பாதிரியாருக்கு ஃபோன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப். அந்த இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. இன்றைக்கும் நடப்பது அதேதான். "முதல் தடவை வருகிறேன், கொஞ்சம் வெளியே நிற்க முடியுமா?" என்று கேட்டால் வாசலில் ஆள் நிற்பார்.

உள்ளே பத்துப் பதினைந்து நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் "இன்று ஒரு நாள் மட்டும்" மாதிரி சில அட்டைகள். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. உங்கள் கணவர் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பப்பட்டவர்கள் போடுவார்கள். டீ இருக்கும். சர்ச் அறையில் நடந்தாலும் அது மதக் கூட்டம் இல்லை. அவர்கள் சொல்லும் 'மேலான சக்தி' அவருக்கு முருகனாக இருக்கலாம், அந்தக் குழுவாகவே கூட இருக்கலாம். சேர்வதற்குக் கேட்கிற ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் கூட்டம் மனசுக்கு ஒட்டாமல் போகலாம். ஒன்றை வைத்து முடிவு கட்டாமல் இன்னும் சிலவற்றுக்குப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் வேறு குழுவுக்கும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. குடித்தால் உடம்பு தாங்காமல் செய்கிற டைசல்ஃபிராம் போன்ற மருந்தாக இருந்து, தெரியாமல் அவர் குடித்தும் வைத்தால், ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகக்கூடிய ஆபத்து. அவர்தான் விடத் தயாராக இருக்கிறாரே, ஒளித்துக் கொடுக்க என்ன அவசியம்?

நீங்களும் கூடப் போக நினைத்தால், 'ஓபன் மீட்டிங்' எந்தக் கிழமை என்று அந்த ஃபோனிலேயே கேளுங்கள். அதில் குடும்பத்தார் உட்காரலாம், 'க்ளோஸ்டு' என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பும் இருக்கிறது. அவர் நாளைக்கு மனசு மாறி வர மாட்டேன் என்றாலும், அங்கே நீங்கள் போகலாம்.